அண்ணன் கொடுத்த மாத்திரை

ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் ராஜமேரியைச் சண்டைக்காரி என்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரி நான் சொல்கிறேன், அவள் கோபம் அத்தனையும் நியாயம்.

அவள் புருஷன் அமல்தாஸ் பரிசல் ஓட்டியவர். பிரஷர் இருந்தது. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். துடுப்புப் போடுகிற உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று பரிசல்துறையே அவருக்கு ஒத்து ஊதியது. ராஜமேரி கத்திக் கத்தி ஓய்ந்தாள்.

அமல்தாஸின் அண்ணன் வியாகுலத்துக்கு முன்பே பக்கவாதம் வந்திருந்தது. சர்க்கரையும் பீடியும் சேர்ந்து மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டன. சீக்கிரம் கொண்டுபோனதால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டார்கள், எழுந்து நடந்தார். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் வாதத்துக்கு அவர்தான் டாக்டர்.

போன கோடையில் அமல்தாஸ் தலை பிளக்கிறது என்று கரையில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார், வாய் கோணியது. ராஜமேரி வண்டி பிடிக்க ஓடிய நேரத்தில் வியாகுலம் தன் மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தம்பி வாயில் ஊற்றிவிட்டார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

தருமபுரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் கொதித்துப்போனார். அண்ணனுக்குக் குழாய் அடைத்தது. தம்பிக்கோ பிரஷர் ஏறிக் குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. ஸ்கேன் பார்க்காமல் எது என்று எங்களுக்கே தெரியாதே, கசிகிற ரத்தத்தை உறையவிடாத மாத்திரையை யார் கொடுத்தது என்று கேட்டார்.

உயிர் தங்கியது. வலது பக்கமும் பேச்சும் போயின. நல்ல மனசோடு கொடுத்தார், மாத்திரைதான் கெடுத்தது என்று அவரிடம் சொல்லாதே என்று சொந்தமெல்லாம் ராஜமேரியை அடக்கியது. நல்ல மனசாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று வியாகுலம் கடைக்கு வந்தார். ஓரமாக நாற்காலியில் கிடந்த தம்பியைப் பார்த்துத் திட்டினார்.

“நானெல்லாம் எந்திரிச்சுப் பேசலையா? இவன் முயற்சியே பண்ண மாட்டேங்கறான்.”

ராஜமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். சொல்லப்போகிறாள் என்று அமல்தாஸுக்கு விளங்கிவிட்டது. இடது கையை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வாயைப் பொத்தினார். அவள் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“உங்களுக்கு அடைச்சுதுங்க மாமா. இவருக்கு வெடிச்சுது. அந்த ரத்தத்த நிக்க வுடாம பண்ணது நீங்க குடுத்த மாத்திரைங்க. இன்னொருத்தர் வாயில ஊத்திராதீங்க.”

வியாகுலம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.