ஒன்றரை நிமிட ஹெலிகாப்டர்

என் ஹெலிகாப்டர் சரியாக ஒன்றரை நிமிடம் பறக்கும். பிறகு இஞ்சின் அணைந்து, முழங்கால் உயரத்திலிருந்து குருசுக்குப்பம் மணலில் பொத்தென்று விழும். பன்னிரண்டு நாள் காலையும் இதே கதைதான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் நாள் எழுந்து வந்து பார்த்தார்கள். நாலாம் நாள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அதைப் பொம்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டரை முழ நீளம், ரிமோட்டில் பறக்கிற நிஜ இஞ்சின். பிரான்சிலிருந்து ஊரோடு வந்துவிட்ட சித்தப்பா, குனிந்து நிமிர முடியவில்லை என்று என் தலையில் கட்டியது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். அது ஓடினால் தெருவே பேதிக்குக் குடித்த மாதிரி ஒரு வாடை வரும்.

என் மனைவி வீராம்பட்டினத்துக்காரி. அவளுடைய அண்ணன் புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். நானும் கடற்கரை வீட்டுப் பிள்ளைதான், ஆனால் படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் அலுவலகத்தில் கோப்பு நகர்த்திக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் மச்சான் என்னைக் கடலுக்கு அழைத்துப்போய், பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவந்து கரையில் விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னிடம் காற்றைப் பற்றியோ இஞ்சினைப் பற்றியோ பேசியதில்லை. டீ மட்டும் கொடுப்பார்கள்.

நான் அதற்குப் பழகிவிட்டேன். அவளுக்குத்தான் ஆறவில்லை. ஏதோ கோயில் கும்பாபிஷேகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவியதைப் பார்த்துவிட்டு வந்தவள், நேராக அண்ணனுக்குப் போன் போட்டாள். “அண்ணே, உங்க புதுப் போட்டைக் கடல்ல எறக்கற அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு ஹெலிகாப்டர்ல பூ தூவுவாரு.” என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயந்தரத்துக்குள் வீராம்பட்டினம் முழுக்கச் செய்தி போய்விட்டது. பூ விழாவிட்டால் போகிற மானம் என்னுடையது இல்லை, எனக்குப் போக ஒன்றும் மிச்சமில்லை. அவளுடையது.

குளோ பிளக்கை மூன்று முறை மாற்றினேன். உள்ளே கம்பி சிவந்து கனன்றுகொண்டே இருந்தால்தான் இஞ்சின் ஓடும். மூன்றுமே நன்றாகக் கனன்றன. எரிபொருளை மாற்றினேன். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஊசித் திருகை அரைச் சுற்று திறந்தேன், கால் சுற்று மூடினேன். கூடவே வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்கு எதிரே குடியிருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். “வெரல பத்திரமா வச்சிக்கணும்னு போட்டிருக்கான்” என்றார். அடுத்த பக்கத்தில்? “அதையேதான் இன்னொருக்கா சொல்றான்.”

கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் இஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. கிளம்பாத இஞ்சினைத் திட்டலாம். சிரித்த முகமாகக் கிளம்பிவிட்டு ஒன்றரை நிமிடத்தில் கழுத்தறுக்கிற இஞ்சினை என்ன செய்வது? மணலைத் திட்டினேன், எரிபொருள் விற்றவனைத் திட்டினேன், ஒரு நாயையும் சந்தேகப்பட்டேன். “எவன் செஞ்ச வேலைன்னு மட்டும் தெரியட்டும்” என்று தினமும் வீட்டில் கத்தினேன்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சுற்றுகிற எதற்கும் காலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவாள். மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், ஸ்கூட்டர் என்று எதுவும் தப்பாது. ஹெலிகாப்டர் விழ விழ அதற்கான சந்தனமும் கூடிக்கொண்டே போனது. மூக்கில், வாலில், இறக்கையில், டேங்கில் என்று எங்கு பார்த்தாலும் பொட்டு. “இது இஞ்சினா, கல்யாண மாப்பிள்ளையா?” என்று ஒரு நாள் கத்தினேன். மறுநாள் இன்னும் இரண்டு பொட்டு சேர்ந்தது.

படகு இறக்கும் நாளன்று ஸ்கூட்டரில் போனோம். பின்னால் அவள் மடியில் ஹெலிகாப்டர், கையில் சந்தனக் கிண்ணம். சிக்னலில் நின்ற பேருந்தே எட்டிப் பார்த்தது.

கரையில் ஊரே நின்றது. படகுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஹெலிகாப்டரின் வயிற்றில் ஒரு பேப்பர் கப் நிறைய ரோஜா இதழைக் கட்டிவிட்டு, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டுக் கிளப்பினேன். அழகாக எழும்பியது. ஒன்றரை நிமிடம். பொத்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மச்சான் வந்து பக்கத்தில் குந்தினார். “மாப்ள, இதுல டேங்குக்குக் காத்து எங்கேர்ந்து வருது?”

சைலன்ஸரிலிருந்து டேங்குக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைக் காட்டினேன். மூடியைத் திறந்து எரிபொருள் ஊற்றும்போது கழற்றி வைத்து, பிறகு மாட்டுகிற குழாய். அதைப் பிடுங்கினார். டேங்கில் குழாய் மாட்டும் முனையில் இருந்த ஓட்டைக்குள் ஒரு தூண்டில் முள்ளை விட்டுக் கிளறினார். மஞ்சளாக, சுட்ட ஓடு மாதிரி ஒரு துண்டு வந்தது; டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மோந்து பார்த்தார்.

“சந்தனம்” என்றார். “எங்க டேங்கு மூடியிலயும் காத்துக்கு ஒரு திருகு இருக்கும். அதைத் தொறக்காம போனா எண்ணெ எறங்காம கொஞ்ச தூரத்துல இஞ்சின் நின்னுரும். இதுல யாரு அடைச்சது?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கிண்ணத்தோடு நின்றாள், மோதிர விரல் நுனியில் ஈரச் சந்தனம். பன்னிரண்டு நாளாகச் சேர்த்துவைத்த கோபத்தோடு வாயைத் திறந்தேன். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

“நான்தான் மச்சான்” என்றேன். “சாமி கும்பிடறப்ப வெச்சேன்.”

இப்போது கரையே சிரித்தது. மச்சான் மணலில் உட்கார்ந்து சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஹெலிகாப்டர் ஐந்து நிமிடம் பறந்தது. படகுக்கு மேலே நிறுத்தி, ரிமோட்டில் விசையைத் தட்டிப் பூவை அவிழ்த்துவிட்டேன். இறக்கைக் காற்றில் பாதி இதழ் பாயசப் பாத்திரத்தில் விழுந்தது, கொஞ்சம் மச்சான் வாயில். நாலைந்து படகிலும் விழுந்தன. அவர் துப்பிவிட்டு, “மாப்ள, சாயந்தரம் வந்து எங்க போட்டு இஞ்சினோட சத்தத்தையும் ஒருவாட்டி கேட்டுச் சொல்லு” என்றார். “கரையில வெச்சுத்தான், பயப்படாத.”

கூட்டம் கலைந்ததும் அவள் முந்தானையால் ஹெலிகாப்டரில் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்று, நெற்றியை உற்றுப் பார்த்தாள்.

“இங்க காத்து ஓட்டை ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் அங்கே அப்பினாள்.