சிவப்புக் கண் டப்பாவும் பேசாத மாமியாரும்

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மனைவி திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அவள் ஒரே பெண். கல்யாணமான வருஷமே மாமனார் தவறிவிட்டதால் நான் மாமியார் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டேன். ஊர்க்காரர்கள் 'வீட்டோட மாப்ளை' என்று கேலி செய்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த வீட்டில் எனக்கு ஒரே ஒரு சங்கடம். அத்தை, அதாவது என் மாமியார், என்னிடம் பேச மாட்டார். கோபமெல்லாம் இல்லை. சொந்தத்தில் இல்லாமல் அசலில் இருந்து வந்த மாப்பிள்ளை முன்னால் மாமியார் நின்று பேசக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை கிடையாது. எதுவாக இருந்தாலும் மகளிடம் சொல்லுவார், அவள் என்னிடம் சொல்லுவாள். மகள் இல்லாத மத்தியான வேளையில் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, அடுப்படிக்குள் நின்றுகொண்டு டம்ளரால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். சாப்பாடு தயார் என்று அர்த்தம். நானும் சுவரைப் பார்த்து "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவேன்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஆறு பவர்லூம் தறிகள். மாமனாருக்குப் பிறகு அத்தைதான் நடத்திவந்தார். தறி ஓடும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூலில் இருந்து பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். காலையில் கூட்டிய தரை மத்தியானத்துக்குள் வெள்ளை வெளேரென்று மூடிவிடும். தறிக்கு அடியில் போய்க் குனிந்து கூட்ட யாரும் வர மாட்டார்கள். அத்தைதான் தினமும் நுழைந்து, முட்டிபோட்டுக் கூட்டுவார். இருபது வருஷம் அப்படிக் கூட்டியதில் பஞ்சு நெஞ்சில் இறங்கிவிட்டது. ராத்திரியில் இளைப்பு வந்து அவர் மூச்சுக்குத் திணறும் சத்தம் எங்கள் அறை வரைக்கும் கேட்கும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனி பஞ்சுல கால வச்சா நான் பொறுப்பில்ல." அத்தை தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுநாள் காலையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தறிக்கு அடியில் நுழைந்துவிட்டார். என் மனைவி அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வீரசோழனில் இருந்து ஒரு பாய் தன் வீடியோ டெக்கை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். சவூதியில் இருந்து வந்தவர். உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்து ஓட்டிப் பார்த்தால் கார்ட்டூன் படம். என்ன பாஷை என்றுகூடத் தெரியவில்லை. அதில் ஒரு குட்டி எந்திரம். சதுரமான டப்பா உடம்பு, இரண்டு உருண்டைக் கண், கைக்குப் பதிலாகத் துடைப்பம். ஒரு பெரிய மாளிகையில் கட்டில் அடியில் நுழையும், மேஜை அடியில் நுழையும், அந்தப் பக்கமாக வெளியே வந்து கண்ணைச் சிமிட்டும். போன இடமெல்லாம் தரை பளபளவென்று இருக்கும்.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ரீவைண்ட் செய்து மறுபடியும் பார்த்தேன். எத்தனை முறை என்று கணக்கே இல்லை. மறுநாள் பாய் வந்து, "என்னாச்சுங்க, டெக்கு சரியாயிருச்சா?" என்று கேட்டபோது, "இன்னும் ரெண்டு நாளாகும் பாய்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது.

தறிக்கு அடியில் நுழைய அப்படி ஒன்றை நானே செய்துவிடுவது என்று முடிவுசெய்தேன். பந்தல்குடி ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட வைப்பர் மோட்டார் ஒன்று கிடைத்தது. அதுதான் கால். பலசரக்குக் கடையில் வாங்கிய பெரிய சதுர பிஸ்கட் டின் உடம்பு. பழைய ஸ்டெபிலைசரில் இருந்த ரிலேயைப் பிடுங்கி, முன்னால் ஒரு தகடு வைத்து, எதிலாவது முட்டினால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுகிற மாதிரி செய்தேன். முன்சக்கரம் கட்டில் சக்கரம். முட்டிப் பின்வாங்கும்போது அது கோணலாகத் திரும்பிக்கொள்ளும், அடுத்த தடவை வேறு பக்கம் போகும். பஞ்சை உறிஞ்ச, ஓடாமல் கிடந்த எங்கள் வீட்டு மிக்ஸியின் மோட்டாரைச் சரிசெய்து விசிறி மாட்டினேன். கரண்டுக்குப் பின்னால் நீளமான வயர். படத்தில் பார்த்ததை விடக் கூடாது என்று இரண்டு சிவப்பு பல்பைக் கண்ணாக வைத்தேன். இருபது நாள் ஆயிற்று. கடைக்கு வந்த டி.வி.க்கள் எல்லாம் வரிசையாகத் தூங்கின.

அன்றைக்கு மத்தியானம் தறிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஷெட்டில் சத்தமே இல்லை. டப்பாவைக் கொண்டுபோய் வைத்து வயரை இழுத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஷெட் வாசலில் வந்து நின்றார். டப்பாவைப் பார்த்தார். மிக்ஸி மோட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார். தெருப்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறையும் வந்து நின்றார். 'பார்டா, அத்தைக்கே ஆச்சரியம் தாங்கவில்லை' என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறம் அடுப்படியில் இருந்து டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு இல்லை, படபடவென்று நிறுத்தாமல் தட்டினார். இன்றைக்கு என்ன இவ்வளவு அவசரம், சாப்பாடு ஆறியா போய்விடும் என்று நினைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "ஒரு ஓட்டம் விட்டுட்டு வாரேன்!"

சுவிட்சைப் போட்டேன்.

சிவப்புக் கண் எரிய, டப்பா ஓடியது. நிஜமாகவே ஓடியது! முதல் தறிக்கு அடியில் நுழைந்து, காலில் முட்டி, பின்வாங்கித் திரும்பி, இரண்டாம் தறிக்குப் போனது. பஞ்சு சர்ரென்று உள்ளே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தனியாக நின்று கை தட்டினேன்.

மூன்றாம் தறிக்கு அடியில் போனபோது புகை வந்தது. அடுத்த விநாடி குபீரென்று தீ. மிக்ஸி மோட்டார் ஓடும்போது உள்ளே நீலமாகப் பொறி பறக்கும், அது எனக்குத் தெரியாததா? பஞ்சு பட்டால் பற்றிக்கொள்ளும் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டையும் ஒரு டப்பாவுக்குள் நானே சேர்த்து வைத்திருக்கிறேன்! டப்பாவுக்கு மேலே தறியில் புதிதாக ஏற்றிய பாவு நூல், சுற்றிலும் தரை முழுக்கப் பஞ்சு. புத்தி கெட்டுப்போய், வெறுங்கையோடு அந்த டப்பாவை இழுக்கப் பாய்ந்தேன்.

"மாப்ளே! கைய வைக்காதீக! சுச்ச அமத்துங்க!"

அத்தை ஓடிவந்து நின்றிருந்தார். அந்தக் குரலை நான் அதுவரை அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. திரும்பி ஓடி சுவிட்சை அமர்த்தினேன். வெயில் காலத்தில் நூல் காய்ந்து அறுந்துபோகாமல் இருக்க ஷெட் ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டிருப்பார்கள். அத்தை அதில் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தினமும் நுழைகிற மாதிரியே மூன்றாம் தறிக்கு அடியில் நுழைந்துவிட்டார். டப்பாவின் மேல் சாக்கைப் போட்டு அமுக்கினார். பிறகு அதே சாக்கைத் தரையோடு இழுத்து இழுத்து, பரவிய தீயை எல்லாம் துடைத்தெடுத்தார். நான் ஒரு குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாவில் ஒரு இழைகூடக் கருகவில்லை.

வெளியே வந்தவருக்குப் புகையில் இளைப்பு பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ரிக்‌ஷாவில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டு, மூச்சு சீராக இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் வராந்தாவில் உட்கார்ந்து நான் வேண்டாத சாமி இல்லை. அவரைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பினவன், என் கையாலேயே கொல்லப் பார்த்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சிரிக்கக்கூட முடியவில்லை.

சாயங்காலம் மனைவி அலறி அடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே போய்விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக. தறி மோட்டாருல பஞ்சு அடஞ்சு புகைஞ்சத அவுக ரெண்டு தடவ பாத்திருக்காகளாம். அதச் சொல்லத்தான் வந்து வந்து நின்னாகளாம். யாருகிட்டச் சொல்லி விடுறதுன்னு தெரியலையாம். பக்கத்து வீட்டுலயும் ஆளு இல்லையாம்."

படபடவென்று தட்டிய அந்த டம்ளர் சத்தம் என் காதில் மறுபடியும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"இன்னொன்னும் சொன்னாக" என்றாள் அவள். "ஈரச் சாக்கு இழுத்த எடமெல்லாம் தர சுத்தமாயிருச்சாம், பாத்தீகளா? பஞ்ச உறிஞ்ச வேணாமாம். சாக்குல ஒட்டிக்கிருமாம். அந்தச் சாக்க டப்பாவுக்கு வாலாக் கட்டி விடச் சொன்னாக."

மூச்சு திரும்பி வந்ததும் அந்த மனுஷி முதலில் யோசித்தது இதை! ஐ.டி.ஐ. படித்த நான் இருபது நாள் மண்டையை உடைத்துச் செய்த எந்திரத்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே திருத்திவிட்டார்.

மிக்ஸி மோட்டாரைத் தூக்கி எறிந்தேன். வைப்பர் மோட்டார் நான்கு பக்கமும் மூடியது, மழையில் ஓடுவதற்கென்றே செய்தது. அதற்கு ஒரு ஸ்கூட்டர் பேட்டரி, இரண்டையும் டின்னுக்குள் வைத்துத் தூசி புகாமல் அடைத்தேன். வயரே கிடையாது. பின்னால் ஈரச் சாக்கு. அத்தை ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாரத்தில், தறிக்காரர்கள் எல்லாரும் நிற்க, அதை விட்டேன். கூடவே மணல் வாளியும் நான்கு குடம் தண்ணீரும் வைத்திருந்தேன், அது வேறு விஷயம்.

ஆறு தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. டப்பா மெதுவாக ஊர்ந்து முதல் தறிக்கு அடியில் மறைந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு சிவப்புக் கண் வெளியே வந்தது. முட்டியது, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றது, திரும்பியது. அதன் வாலுக்குப் பின்னால் கறுப்புச் சிமெண்டுத் தரை ஒரு பாதையாகத் தெரிந்தது. தறிக்காரர் ஒருவர் தறியைப் பார்க்க மறந்து நின்றார். "ஏலே, இதுக்கு உசுரு இருக்குடா" என்றார் இன்னொருவர். நான் செய்ததுதான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

அத்தை உள்ளே வரவில்லை. வாசலில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். டப்பா வாசல் வரைக்கும் வந்து அவர் காலுக்கு முன்னால் நின்றது. அத்தை குனிந்து அதனிடம் சொன்னார்: "ஏலே டப்பா, மூணாந் தறி மூலைய விட்டுட்டியே. போ, போய்ப் பாரு."

நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாம் தறி மூலையில் விட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. மனைவி இல்லாத நேரத்தில் அத்தை என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் டப்பாவிடம் சொல்லுவார். "ஏலே டப்பா, வெயில்ல தொப்பி இல்லாமப் போகாத." "ஏலே டப்பா, மக மாசமா இருக்கா, சாயங்காலம் வெரசா வீட்டுக்கு வா." பிஸ்கட் டின்னுக்கு எதற்குத் தொப்பி என்று தறிக்காரர்கள் சிரிப்பார்கள். நான் தொப்பி வாங்கினேன், சீக்கிரமாகவும் வீட்டுக்கு வந்தேன். அத்தைக்கு இளைப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரியில் அந்தத் திணறல் சத்தம் குறைந்து குறைந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் கேட்கவே இல்லை.

நான்கு வருஷத்துக்கு மேல் உழைத்தது டப்பா. ஒரு மத்தியானம் நடு ஷெட்டில் நின்றுவிட்டது. மோட்டார் தேய்ந்துபோயிருந்தது, இனி ஓடாது. தறிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அத்தை வாசலில் வந்து நின்றார். கண் அணைந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். திரும்பிப் போனார். டம்ளர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. அத்தைதான் மறுபடியும் வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்:

"மாப்ளே, சாப்பிட வாங்க. வேற ஒண்ணு செஞ்சுக்கிரலாம்."

அதற்குப் பிறகு எத்தனையோ எந்திரங்களைப் பிரித்தேன், மாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து, யாராவது வாசல் வரை வந்து ஒன்றும் சொல்லாமல் திரும்பினால், கையில் இருக்கிற வேலையை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், "என்ன சொல்ல வந்தீக?" என்று கேட்டுவிடுகிறேன்.