கட்டில் கம்பியில் கட்டிய கயிறு

“மாதிரி: குழாய்வழிச் சிறுநீர். வளர்ந்த கிருமி: கிளெப்சியெல்லா.” ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தைய செவ்வாயன்று வந்த ஆய்வக அறிக்கையில் இந்த வரிக்குக் கீழே மருந்துகளின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து. அந்த மருந்து கேட்காது என்று அர்த்தம். கடைசி மருந்தின் எதிரில் மட்டும் அது இல்லை.

அறிக்கை என் தம்பியுடையது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். பைக்கில் இருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, சிறுநீர்க் குழாயோடு படுத்திருந்தான். எலும்பைப் பொருத்திவிட்டார்கள்; காய்ச்சல்தான் இறங்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்தால் பிழைப்பது கடினம் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அவனிடம் வேறு மாதிரிச் சொன்னார். “இந்தக் கிருமிக்கு மேலெல்லாம் முடி மாதிரி இழை இருக்கு அண்ணாச்சி. எல்லாம் புரதம். அத வச்சுக் குழாயப் பிடிச்சுக்கும். ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிப் படலமாயிட்டா மருந்து சரியா உள்ள போகாது. குழாய மாத்தணும்.”

“தறிக்கூடத்துப் பஞ்சு மாதிரில்லா இருக்கு,” என்றான் தம்பி. “இது ஆளத் தேடிட்டு வருதோ?”

“தேடாது. காத்திருக்கும். பிளாஸ்டிக், இரும்பு, துணி, எதுல வேணாலும்.”

சொல்லிக்கொண்டிருந்தவர் கட்டில் கம்பியைப் பார்த்தார்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. குணமாகிப் போகிறவர்கள், கோயிலில் வாங்கிக் கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கம்பியில் கட்டிவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர்கள் அதை அவிழ்ப்பதில்லை. துடைக்க வரும் பெண்ணும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். சிவப்பும் கறுப்புமாக அழுக்கேறிய ஒரு கொத்து. தன் கையிலும் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்த தம்பி, புரண்டு படுக்க அதைத்தான் பிடித்துக்கொள்வான். அதற்கு நேர் கீழே சிறுநீர்ப் பை தொங்கியது.

டாக்டரம்மா அதை அறுத்துப் போடச் சொன்னார். தம்பி மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

“அத்தன பேரும் பொழச்சுப் போன கயிறும்மா. அத அறுத்தா இவுகளுக்கு என்னமும் ஆயிராதா?”

“பொழச்சவங்கதான் கட்டிட்டுப் போனாங்க,” என்றார் டாக்டரம்மா. “பொழைக்காதவங்க எப்படிக் கட்டுவாங்க?”

அவள் அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விலகினாள். நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு கத்தரித்தார். கயிறு போன இடத்தில் பெயிண்ட் உரிந்து, கம்பி கறுத்திருந்தது.

குழாயை மாற்றினார்கள். கடைசி மருந்து ஏறியது. தபசு முடிந்த வாரம் காய்ச்சல் விட்டு, அவனை வீட்டுக்கு அழைத்துவந்தோம்.

டிஸ்சார்ஜ் தாளின் நகல் வாங்க நான் மறுபடி போனேன். அதே கட்டிலில் ஒரு முதியவர், கண்ணை மூடியபடி. ஒரு கை மட்டும் கம்பியைப் பற்றியிருந்தது. விரல்களுக்கு இடையில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு. அதன் முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் தறிக்காரர்கள் போடுவது. சின்னதாக இருக்கும், இழுக்க இழுக்க இறுகும்.

வராந்தாவுக்கு வந்து போன் செய்தேன். “ஏலே, கயிற அங்கன கட்டிட்டா வந்த?”

“ஆமா. எனக்கு அடுத்து வாரவன் எதப் பிடிச்சுப் பொரளுவான்?”

“டாக்டரம்மா சொன்னத நீ கேட்டதான?”

“கேட்டேன். கைல கெடக்கையில அது உறுத்திக்கிட்டே இருந்துச்சுண்ணே. கட்டின பொறவுதான் நடக்கவே தெம்பு வந்துது.”

நர்ஸிடம் சொன்னேன். முதியவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுக்க முடிந்தது. எடுத்த பிறகும் விரல்கள் அதே வளைவில் நின்றன. அவருக்கு அன்று காலையில்தான் குழாய் போட்டிருந்தார்கள்.

கயிறு குப்பைக்குப் போனது, ஆய்வகத்துக்குப் போகவில்லை. தம்பிக்குக் கிருமி வந்தது பழைய கயிறுகளில் இருந்தா, வேறெங்காவது இருந்தா என்று யாரும் சோதிக்கவில்லை. அவன் கட்டிய கயிற்றில் அது இருந்ததா, முதியவரைத் தொற்றியதா என்பதும் இதை எழுதும் வரை உறுதியாகவில்லை. தம்பியின் மறுபரிசோதனைக்காக அடுத்த முறை நான் போனபோது முதியவரின் கட்டில் காலியாக இருந்தது. கம்பியில் எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை.