லேப்டாப்புக்கு நாலு முட்டு

எனக்குப் பழுது பார்க்கத் தெரியாத பொருள் விருத்தாசலத்தில் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் களிமண் பிசையும் கூலியாகச் சேர்ந்து, இன்று சொந்தச் சூளையில் பீங்கான் பொம்மை சுட்டு எடுக்கிறேன். மோட்டாரோ கிரைண்டரோ, காது கொடுத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன். அதனால் மருமகளின் லேப்டாப் படுத்தபோது நானே களத்தில் இறங்கினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

அது அவள் காலேஜில் படித்த காலத்து லேப்டாப். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரைச் செருகி வைத்தால்தான் உயிர். இப்போது அதுவும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோனது. மறுநாள் காலையில் அவளுக்கு இன்டர்வியூ. வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. லேப்டாப்பில்தான் வர வேண்டும், போனில் வந்தால் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். குழந்தை பிறந்து வேலையை விட்டவளுக்கு இதுதான் முதல் அழைப்பு. கவலை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

முதலில் சார்ஜர் மேல் சந்தேகப்பட்டேன். பிளக்கை மாற்றினேன், ஒயரை ஆட்டிப் பார்த்தேன், கரண்டு ஒழுங்காகத்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து இன்டர்வியூவுக்கு யார் போவது? தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்ப ஓடவிட்டுக் காதை வைத்தேன். உள்ளே இருக்கும் சின்ன ஃபேன், சட்னி அரைக்கும் மிக்சி மாதிரி கத்தியது. கொஞ்ச நேரத்தில் கப்பென்று அணைந்தது. ஆறவிட்டுப் போட்டால் எழுந்தது, சூடானதும் மறுபடி படுத்தது. நோய் பிடிபட்டுவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சூட்டோடு குடும்பம் நடத்தியவனிடமா மறைக்க முடியும்!

மறுநாள் காலை, இன்டர்வியூவுக்கு முன்னாலேயே வைத்தியத்தை ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் உடையக்கூடிய எதையும் வெறும் மேசையில் வைக்கும் வழக்கம் கிடையாது. டம்ளரிலிருந்து மூக்குக் கண்ணாடி வரைக்கும் பொம்மையைப் பார்சல் கட்டுகிற ஸ்பாஞ்சு விரித்துத்தான் வைப்போம். லேப்டாப்புக்குக் கீழேயும் ஒன்று இருந்தது. உடம்பு சரியில்லாத பொருளாயிற்றே என்று நான் இன்னொன்றையும் மடித்துப் போட்டேன். மேலே காற்றுக்கு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன்.

முன்னைவிடச் சீக்கிரமாகவே அணைந்தது.

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பிரசவ ஆஸ்பத்திரில கூட இவ்ளோ மெத்த போட மாட்டாங்க. பாத்துங்க, குட்டி கிட்டி போட்டுறப் போவுது."

மருமகள் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கி, ஸ்பாஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினாள். வரிவரியாகக் காற்றுத் துளைகள். அதில் பாதி எங்கள் பட்டறை மண்தூள் அடைத்து வெள்ளையாகக் கிடந்தது.

"மாமா, சூளைல பொருள இப்பிடித்தான் அடுக்குவீங்களா? அடில சந்து வுடாம?"

நேராகப் பட்டறைக்குப் போனேன். சூளைக்குள் தட்டுக்கு மேல் தட்டு அடுக்கும்போது, அனல் சுற்றிவர நடுவில் சின்னச் சின்னத் தூண் நிறுத்துவோம். அதற்கு முட்டு என்று பேர். ஒரே உயரத்தில் நாலு முட்டு பொறுக்கினேன். பொம்மைக்குக் கண் எழுதுகிற மெல்லிய பிரஷ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அவள் பிரஷால் துளைகளைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தாள். கம்ப்ரசர் வைத்து ஒரே அடியாக ஊதிவிடலாமே என்றேன். உள்ளே இருக்கிற ஃபேன் முறிந்துவிடும் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஸ்பாஞ்சு இரண்டையும் உருவி எறிந்துவிட்டு, மூலைக்கு ஒன்றாக நாலு முட்டு நிறுத்தி, அதன் மேல் லேப்டாப்பை ஏற்றினேன். ஆடாமல் நின்றது. சமமாக நிறுத்தியது நான் அல்லவா.

இன்டர்வியூ தொடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியில் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். முதல் சூளையைப் பிரித்த அன்றுகூட நான் இப்படி நடந்ததில்லை. உள்ளே அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னம், தசமம் என்று என்னென்னவோ சொன்னாள். குரல் நிற்கும்போதெல்லாம் போச்சு என்று நினைப்பேன். மறுபடி கேட்கும். கடைசிவரை லேப்டாப் அணையவில்லை.

வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் குடித்தாள். "திங்கக்கெழம சேரச் சொல்லிட்டாங்க மாமா" என்றாள்.

அன்றைக்கே மங்கலம்பேட்டையில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தேன். "லேப்டாப்பா? மாமாதான் சரி பண்ணாங்கம்மா" என்றாள்.

என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. கணக்கு டீச்சரே சொன்ன பிறகு அதில் தப்புக் கண்டுபிடிக்க நான் யார்?