சுவரில் மாட்டிய கோசா பழமொழி

தூக்குத்துணியின் நான்கு வார்களையும் ஆளைத் தூக்கும் லிஃப்ட் மெஷினில் கொளுவிவிட்டு, இரண்டாவது ஆளுக்காக நிற்கிறேன். ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்க இருவர் வேண்டும் என்பது முதியோர் இல்லத்து விதி. அந்த இரண்டாவது ஆளைத் தேடுவதுதான் தொழில் என்பது, இதே வேலையில் முதுகு நோகிற உங்களுக்குத் தெரியும்.

கூப்பிடாத ஆள்

நொம்சா வந்தாள். தென்னாபிரிக்காக்காரி, டேனிஷ் நகரமான ரண்டர்ஸில் இருக்கும் எங்கள் இல்லத்துக்குப் புதிது. அவளுடைய அறைகள் அடுத்த கொரிடோரில். நான் நின்ற அறையின் கதவுக்கு மேல் உதவி விளக்கு எரிவதைக் கண்டு வந்திருக்கிறாள். லிஃப்ட் உயரும்போது தன் கோசா மொழியில், நாக்கைச் சொடுக்கி ஏதோ சொன்னாள். பழமொழியாம், அயலவருக்குத் துணை நிற்பது பற்றி. விளக்கவும் தொடங்கிவிட்டாள். அந்தரத்தில் தொங்கிய பெரியவர் ஹென்றிக் சொன்னார்: "விளக்கத்தைப் பிறகு கேட்கலாம், முதலில் என்னைக் கதிரையில் இறக்குங்கள்."

சட்டம் போட்டது

எல்லாருக்கும் இப்படி ஓடியதில் நொம்சாவின் அறைகள் பிந்தின. இந்தக் கிழமையும் பிந்தினால் நிரந்தர வேலை இல்லை, கொரிடோரை விட்டு அசையக் கூடாது என்றார் பொறுப்பாளர் லோனா. ஆனால் நொம்சா வாயால் கேட்ட அந்தப் பழமொழி அவருக்குப் பிடித்துவிட்டது. டேனிஷ் மொழிபெயர்ப்போடு அச்சடித்து, சட்டம் போட்டு, கோப்பி மெஷினுக்கு மேலே மாட்டினார். எங்களோடு வேலை செய்கிற மானிப்பாய் ரத்னா கோப்பையோடு அண்ணாந்து பார்த்தாள்.

"சாமிப்படம் மாதிரி மாட்டியாச்சு, அண்ணை. இனி ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

விளக்கு

நொம்சா லோனாவின் சொல் கேட்டுத் தன் கொரிடோரிலேயே நின்றாள். அடுத்த நாள் காலை அவளுடைய விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் துவாய் மடித்தபடி அதைப் பார்த்தேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? உங்களிட்டை அவள் கேளாமல் வந்தவள்தானே" என்று ரத்னா முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு மாறிமாறிப் போனோம். எங்கள் அறைகள் பிந்தின. எங்களுடையது நிரந்தர வேலை, பேச்சு வாங்குவதோடு போய்விடும்.

வெள்ளிக்கிழமை லோனா வந்தபோது நொம்சாவின் கட்டில்கள் எல்லாம் நேரத்துக்கே விரித்தாகியிருந்தன. அங்கேயே அவளுக்கு வேலை நிரந்தரம் என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீர்களா, அவரவர் கொரிடோரில் நின்றால் வேலை முடியும்."

துணை நிற்பது பற்றி எங்கள் இல்லம் கற்ற பாடம் அதுதான். நொம்சாவின் கடைசி அறையிலிருந்து அழுக்குத் துணிகளோடு வெளியே வந்த ரத்னா, அவற்றைக் கூடையில் போட்டுவிட்டுத் தன் கொரிடோருக்குப் போனாள்.