கப்பலில் வந்த மரவள்ளி

காலையிலிருந்து என் தங்கச்சியின் கையில் ஒரே மரவள்ளிக் கிழங்கு. தோலும் உரிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. அன்று அவள் கணவரின் முதலாவது ஆண்டுத் திவசம்.

கிணற்றடிக்குப் பின்னால் அவர் நட்டுவிட்டுப் போன கிழங்கு அது. அவித்து, செத்தல் மிளகாய்ச் சம்பலோடு பின்னேரம் தின்றால்தான் அந்த மனிதருக்குப் பொழுது படும். படையலில் இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே வழக்கம். அது இல்லாத இலை அவளுக்கு வெறும் இலை.

மறித்தவர் கணவரின் அண்ணன். கிளிநொச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் நெளுக்குளம் வந்தவர், கதிரையில் இருந்ததும் போனைத் தடவினார்.

“பிள்ளை, உது பறங்கி கப்பலில கொண்டுவந்த சாமான். மிளகாயும் அப்பிடித்தான். எங்கட முன்னோர் மிளகுதான் திண்டவை. உதைப் படைச்சா அவன் பசியோட திரும்பிப் போவான்.”

போனில் அவர் கேட்கும் சரித்திரத்தில் பாதி காற்று. ஒரு வன்னி ராசாவுக்குப் பல்லு விழுந்ததால்தான் இடியப்பம் வந்ததாம். அதைச் சிரித்துக் கடக்கலாம். மிளகாய்க் கதை உண்மை, மரவள்ளிக் கதையும் உண்மை. வாசித்திருக்கிறேன். பொய்யென்றால் மல்லுக்கட்டலாம், உண்மையோடு எப்படி? முற்றத்துக்கும் குசினிக்குமாக நடந்தேன், நடந்தேன்.

“அப்ப உருளைக்கிழங்கு வைக்கட்டே அத்தான்?” என்றாள் தங்கச்சி.

“அதுவும் கப்பல்.”

“தக்காளி?”

“கப்பல்தான்.”

இலையில் வெற்றிடம் கூடிக்கொண்டே போனது. தங்கச்சியின் கண் கலங்கிவிட்டது.

அவரோடு வந்து குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தவேயில்லை. “மாமான்ர திவசத்துக்கு வருசா வருசம் சுருட்டு வைக்கிறியள். போயிலை எந்த மாட்டுவண்டிலில வந்தது?”

அவர் என்னைப் பார்த்தார். “நீர் புத்தகம் படிக்கிற ஆள், சொல்லும்.”

“அதே கப்பல்தான் அண்ணை.”

சொன்னதும் மூச்சு வந்தது எனக்கு. அந்த உண்மைக்குள்ளேயே ஒரு கதவு இருந்திருக்கிறது; நான்தான் சுவரைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். “அப்பர் சுருட்டில்லாட்டிப் படலை தாண்டி உள்ள வரமாட்டார்,” என்றார், தனக்குத்தானே. தம்பி பசியோடு போய்விடுவானே என்ற பயம்தான் இவ்வளவு நேரமும் அவரைப் பேச வைத்தது என்று அப்போதுதான் விளங்கியது. போனை மடித்த சால்வைக்குள் வைத்தார்.

“அவி பிள்ளை. உறைப்பைக் குறைச்சுப்போடாதை, அவன் ஏசுவான்.”

தங்கச்சி கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். கிழங்கு வெடித்து, பூவாய் மலர்ந்து, வீடு முழுக்க ஆவி.

மதியம் காகத்துக்கு வைத்தோம். ஒன்று வேலியில் வந்து குந்தியது. சோற்றைப் பார்த்தது, வடையைப் பார்த்தது, பிறகு சம்பல் பூசிய கிழங்கைக் கொத்திக்கொண்டு பறந்தது.

“பறங்கிக் காகம் போல,” என்றார் அவர் மனைவி.

தங்கச்சி தோளை இறக்கி ஒரு பெருமூச்சு விட்டாள். “அவர் சாப்பிட்டிட்டார். நீங்களும் வாங்கோ அத்தான், ஆறப்போகுது.”

சம்பலுக்கு முதலில் நீண்டது அவருடைய கைதான்.