புல்லுக்குக் குடை பிடித்தவர்

போடிமெட்டு மலைப்பாதையின் கடைசி வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால், போடிநாயக்கனூர் முழுக்கத் தேடினாலும் கண்ணில் படுகிற ஒரே பச்சை, கண்ணுச்சாமி வீட்டு வாசல் புல்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நடுவில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் தெரியத்தான் செய்யும். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் சொன்னது சரியாக இருக்கும்.

கண்ணுச்சாமி, மெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்து தலை நரைத்தவர். தோட்டத்து முதலாளியின் பங்களாவுக்கு முன்னால் ஒரு புல்தரை உண்டு. முதலாளியின் நாய் அதில் உருளலாம்; கங்காணி ஓரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். மழையிலும் பனியிலும் சுற்றிச் சுற்றிப் போன மனுஷருக்குள் ஓர் ஆசை வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. சொந்தப் புல்லில் நாற்காலி போட்டு, வெறுங்காலை நீட்டி, ஒரு கிளாஸ் டீ குடிக்க வேண்டும். நாய் மாதிரி உருளவும் எண்ணம் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

வேலையை விட்டு இறங்கியபோது, சட்டி பானையோடு நாலு சாக்குப் புல்லும் ஜீப்பில் இறங்கியது. வீட்டு முன்வாசலில் நட்டார். அவர் மனைவி பொன்னுமணிக்கு அந்த இடத்தின்மேல் வேறு எண்ணம். சிமெண்டுத் தளம் போட்டு வத்தலும் வடகமும் காயவைக்க வேண்டும் அவளுக்கு.

"தீவாளிக்குள்ள பச்சை புடிச்சா இருக்கட்டும். இல்லைன்னா ஜக்கையன் வந்து கலவையக் கொட்டிருவாரு," என்று சொல்லிவிட்டாள்.

கொத்தனார் ஜக்கையன் அடுத்த வீடு. அவள் சொல்லி வாய் மூடுமுன் ஒரு லோடு மணலைக் கொண்டுவந்து இறக்கினார். காலையில் பல் துலக்கும்போதெல்லாம் அந்த மணல் கண்ணுச்சாமியை முறைத்தது.

கடையில் உரம் எதுவும் வாங்குவதில்லை, எல்லாம் கைவைத்தியம்தான் என்று அவரும் முறைத்தார். முதலில் மத்தி மீனையும் வெல்லத்தையும் பானையில் போட்டு ஊறவைத்தார். பானையைத் திறந்த அன்று பூனைகள் வந்தன. பக்கத்து ஊர் ராசிங்காபுரத்துப் பூனைகள் பஸ்சு பிடித்து வந்ததாகப் பேச்சு. தண்ணீரில் கலந்து தெளித்ததைப் புல்லோடு நக்கி எடுத்துவிட்டு, அடுத்த பந்திக்கு வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

பிறகு, மண் இறுகி வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று கண்டுபிடித்தார். பழைய செருப்பின் அடியில் நீள ஆணிகளை அறைந்து, அதை மாட்டிக்கொண்டு புல்லை மிதித்து நடந்தார். நடுவில் போனதும் மண் ஆணியைக் கவ்விக்கொண்டது. முன்னேயும் நகர முடியவில்லை, பின்னேயும் நகர முடியவில்லை.

"மதினி, அண்ணனையும் சேத்து நட்டுட்டீகளா?" மதில்மேல் தலையை நீட்டினார் ஜக்கையன்.

"தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன், கொழுந்தனாரே. இன்னும் தழையல."

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார் கண்ணுச்சாமி. புல்லை மட்டமாக வெட்ட ஆடு கூட்டிவந்தது தனிக்கதை. அது புல்லை முகர்ந்து பார்த்து, மீன் வாடை பிடிக்காமல், கொடியில் கிடந்த அவருடைய துண்டைத் தின்றுவிட்டுப் போனது.

இதுவரைக்கும் பெரிய நஷ்டமில்லை. அதற்கப்புறம்தான் அவருக்குள் இருந்த கங்காணி எழுந்து வந்தார். ஏலச்செடியில் வெயில் பட்டால் கருகும். மேலே மரநிழல் நிற்க வேண்டும். ஏலத்துக்கு ஆகாத வெயில் புல்லுக்கு மட்டும் ஆகுமா? நாலு மூங்கிலை நட்டு, புல்லுக்கு மேலே பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டினார். துணி துவைக்கிற கல் கிடந்த ஓரத்துக்கு மட்டும் வலை எட்டவில்லை.

உள்ளே குனிந்து போய்ப் பார்த்தவருக்கு உடம்பு சிலிர்த்தது. புல் பச்சைப்பசேல் என்றிருந்தது. அன்றிலிருந்து நாற்காலியை உள்ளே போட்டு டீ குடித்தார். டீயும் பச்சையாக இருந்ததை அவர் பெரிதுபடுத்தவில்லை. வேட்டி பச்சை, நரைத்த மீசையும் பச்சை. கிளாஸ் வாங்க வந்த பொன்னுமணியின் முகமும் பச்சை; அது கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் ஜக்கையன் டேப்போடு வந்தார்.

"அளக்க என்னப்பா சோலி கெடக்கு? பச்சை தெரியலையா?"

"உள்ள வெளிச்சம் பத்தலண்ணே," என்றபடி வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்தார் ஜக்கையன்.

வெயில் உள்ளே விழுந்தது. புல் வெந்த சேமியா மாதிரி வெளுத்துக் கிடந்தது. கண்ணுச்சாமி குனிந்து வேட்டியைப் பார்த்தார், வெள்ளை. மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏங்க, இதப் புல்லுன்னு நெனச்சீகளா, ஏலம்னு நெனச்சீகளா?" என்றாள் பொன்னுமணி.

 கண்ணுச்சாமி நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பங்களாவில் நடந்த பழக்கத்தில் புல்லை மிதிக்காமல் ஓரமாகவே சுற்றிப் போனார். பொன்னுமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவர் கால் அமுங்கியது. வலை எட்டாத அந்த இடத்தில், கட்டில் அகலத்துக்குப் புல் மெத்தையாக மண்டிக் கிடந்தது.

"இதுக்கு என்ன வச்ச?"

"நான் என்ன வச்சேன்? அரிசி களஞ்ச தண்ணிய அங்கனதான் ஊத்துவேன். மொச்சை உரிக்க அங்கனதான் உக்காருவேன், காலுக்குச் சில்லுன்னு இருக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

ஜக்கையன் டேப்பைச் சுருட்டினார். "அப்ப செயிச்சதும் மதினிதான், தோத்ததும் மதினிதான்."

"பேசாம மணல மாடிக்கு ஏத்துங்க. தளத்த அங்கன போடுங்க, வடகம் மேலயே காயட்டும். வெரசா அந்த வலையையும் கொண்டாங்க, காக்காய்க்குக் கட்டணும்."

இருவரும் படியேறியதும் கண்ணுச்சாமி அந்தக் கட்டில் அகலத்தில் நாற்காலியை விரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உருண்டார்.

வெயிலும் அரிசி களைந்த தண்ணீரும் பட்டு மிச்சப் புல்லும் தேறிக்கொண்டது. பொங்கல் கழித்து மெட்டுக்குப் போன ஜீப்பைக் கடைசி வளைவில் நிறுத்தச் சொல்லி, கண்ணுச்சாமி கீழே கை நீட்டினார்.

"அந்தா தெரியுது பாரு, நம்ம புல்லு. ஊருக்குள்ள அது ஒண்ணுதான் பச்சை."

கூட வந்த ஜக்கையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது புல்லு இல்லண்ணே. மதினி வடகத்துக்கு மேல கட்டுன வலை."